80 மில்லிமீட்டரை 95 ஆக்கிப் பாருங்கள்: பொழுதுபோக்கு வேலைகளுக்கு எந்த கேட் மென்பொருள்?

ஒரு சின்ன மின்சுற்றுப் பலகைக்குப் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 80 மில்லிமீட்டர், அகலம் 50, உயரம் 30. சுவர் 2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே நான்கு மூலையிலும் திருகு பிடிக்கத் தூண்கள், மேலே ஒரு மூடி. வரைந்து முடித்து, 3டி பிரிண்டரில் அச்சிட்டு, பலகையை உள்ளே இறக்கினால் கேபிள் சொருகும் முனை சுவரில் இடிக்கிறது. பெட்டி 95 மில்லிமீட்டர் இருந்தால்தான் சரிப்படும். சுவரும் விரலால் அழுத்தினால் வளைகிறது. அதை 2.4 ஆக்கிவிட்டால், 0.4 மில்லிமீட்டர் முனை கொண்ட பிரிண்டர் ஆறு கோடுகளை ஒட்டி ஒட்டிப் போட்டு இடைவெளி இல்லாமல் நிரப்பிவிடும்.

மாற்ற வேண்டியது இரண்டே எண்கள். உங்கள் மென்பொருளில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நொடியா, ஒரு மாலைப்பொழுது முழுவதுமா?

கணினியில் அளவு கொடுத்துப் பொருளை வரையும் கேட் (CAD) மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நான் நம்பும் முதல் சோதனை இதுதான். வசதிகளின் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. எல்லாப் பட்டியலும் நீளமாகத்தான் இருக்கும். அறிமுகக் காணொளிகளும் முதல் வரைபடம் எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதையே காட்டுகின்றன. வீட்டில் உட்கார்ந்து ஒரு பொருளைச் செய்பவருக்கு முதல் வரைபடத்தோடு வேலை முடிந்ததே கிடையாது. அளந்தது தப்பாகும், திருகு மாறும், பிரிண்டர் கொஞ்சம் தடிப்பாக அச்சிடும். ஐந்தாவது திருத்தத்தில்தான் பொருள் கைக்கு வரும்.

இரண்டாவது சோதனை காலத்தைப் பொறுத்தது: ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறந்து இன்னொரு எண்ணை மாற்ற முடியுமா? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல மாதம் ஒரு இலவசச் சேவையில் வரைந்து வைத்திருந்தேன். சேவையை மூடுகிறார்கள் என்று தெரிந்ததும் இருந்ததையெல்லாம் எஸ்டிஎல் கோப்பாக இறக்கிவைத்து நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு துளையை 3 மில்லிமீட்டரிலிருந்து 4 ஆக்க உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, என் கையில் வரைபடம் ஒன்றுகூட இல்லை என்று.

எஸ்டிஎல் 1987 வாக்கில் முதல் 3டி அச்சு இயந்திரங்களுக்காக உருவான வடிவம். அதற்குள் இருப்பது முக்கோணங்கள் மட்டுமே. துளை என்றால் என்ன, உருளை என்றால் என்ன என்பது அதற்குத் தெரியாது. மில்லிமீட்டரா அங்குலமா என்ற அலகுகூட அதில் பதியாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். எஸ்டிஎல் சுட்ட மண். அச்சிடலாம், மறுபடி பிசைய முடியாது. ஸ்டெப் என்ற வடிவம் வேறு வகை. ஐஎஸ்ஓ 10303 என்ற உலகத் தரம் அது. உருளையை உருளையாகவும் தளத்தைத் தளமாகவும் உண்மை அளவோடு வைத்திருக்கும். கிட்டத்தட்ட எல்லாத் தொழில்முறை மென்பொருளும் திறக்கும். நீங்கள் எந்தப் படிகளில் வரைந்தீர்கள் என்ற வரலாறு அதில் வராது, ஆனாலும் வடிவம் பிழைத்திருக்கும். எனவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, இலவசப் பதிப்பில் ஸ்டெப் ஏற்றுமதி உண்டா என்பது.

இலவசமும் கட்டற்றதும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது மாட்டுக்குச் சரி. இங்கே பார்த்தே ஆக வேண்டும். தமிழில் நமக்கு ஒரு வசதி: இலவச மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஃப்ரீகேட், ஓப்பன்ஸ்கேட், சால்வ்ஸ்பேஸ், லிப்ரேகேட், பிளெண்டர் எல்லாம் கட்டற்றவை. இன்று கணினியில் இருக்கும் பதிப்பை யாராலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. செய்த பொருளை விற்றாலும் தடையில்லை. ஃபியூஷன், ஆன்ஷேப், டிங்கர்கேட், ஸ்கெட்ச்அப்பின் வலைப் பதிப்பு ஆகியவை இலவசம் மட்டுமே. நிறுவனம் விரும்பும்வரை, அது சொல்லும் நிபந்தனையில் கிடைக்கும்.

இதை வெறும் கொள்கைப் பேச்சாக நான் சொல்லவில்லை, நடந்ததைப் பாருங்கள். ஃபியூஷனைத் தரும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், 123டி என்ற பெயரில் தந்த இலவச வரிசையை 2017இல் நிறுத்தியது. ஸ்கெட்ச்அப் மேக் என்ற நிறுவக்கூடிய இலவசப் பதிப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு முடிந்தது. பல ஆண்டு இலவசமாக இருந்த டிராஃப்ட்சைட், 2019 இறுதிக்குப் பிறகு காசு கட்டினால்தான் ஓடும் என்றானது. ஃபியூஷனின் தனிநபர் உரிமம் 2020இல் பல வசதிகளை இழந்தது. ஸ்டெப் ஏற்றுமதியையும் எடுத்துவிடப் போவதாக முதலில் அறிவித்து, பயனர்கள் எதிர்த்ததும் அதை மட்டும் விட்டுவைத்தார்கள். இவற்றில் எதையும் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. வாடகை வீடு என்று தெரிந்து குடியிருந்தால் போதும். பெட்டி படுக்கையைக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

"பொழுதுபோக்கு" என்ற சொல்லையும் உரிமத்தில் படித்துப் பாருங்கள். நீங்கள் செய்ததைப் பார்த்த நண்பர்களுக்குப் பிடித்துப்போய், பத்துப் பேர் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் அது பொழுதுபோக்கா? ஃபியூஷனின் தனிநபர் உரிமத்தில் ஆண்டுக்கு 1000 டாலருக்குள் என்று ஒரு வருமான எல்லை இருக்கிறது. ஆன்ஷேப்பின் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. ஒருநாள் விற்க நேரலாம் என்று தோன்றினால் இப்போதே கட்டற்ற பக்கம் சாய்வது நல்லது.

ஃப்ரீகேட்

என் தேர்வு இதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இதன் குறைகளையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2002இல் தொடங்கிய திட்டம். 1.0 என்ற எண்ணைத் தொட 2024 நவம்பர் வரை ஆனது. இருபத்திரண்டு ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் முயன்று, வெறுத்து, விட்டுப் போனவர்கள் ஏராளம். பெரும்பாலும் அவர்களை விரட்டியது ஒரே சிக்கல்.

சிக்கல் இது. பெட்டியின் மேல்முகத்தில் ஒரு ஸ்கெட்ச் (தட்டையான கோட்டுப் படம்) போட்டுத் துளை இடுகிறீர்கள். உள்ளே அந்த முகத்துக்கு "முகம் 6" என்று ஒரு எண். பிறகு தொடக்கத்துக்குப் போய் ஒரு மூலையை வெட்டினால் ஒரு முகம் கூடுகிறது, எண்கள் நகர்கின்றன. தெருவில் புதிதாக ஒரு வீடு வந்து கதவு எண்களை எல்லாம் மாற்றிய பிறகு, பழைய முகவரிக்குப் போட்ட கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல, உங்கள் துளை வேறொரு முகத்தில் போய் உட்காரும். அதன்மேல் கட்டியதெல்லாம் சிவப்புக் குறியோடு சரியும். நமது 80-95 சோதனையில் எண் மாற்றம் மட்டும் என்றால் தப்பிக்கலாம். வடிவத்தில் ஒரு விளிம்பு கூடினாலும் ஆபத்துதான்.

1.0 பதிப்பு இதைப் பெருமளவு தணித்திருக்கிறது. தனிக் கிளையாகப் பல ஆண்டு வளர்ந்த ஒரு தன்னார்வலரின் உழைப்பைத் தலைமைப் பதிப்பில் சேர்த்ததால் வந்த பலன் இது. அதோடு, பாகங்களைப் பொருத்திப் பார்க்கும் அசெம்பிளி வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. பழைய கசப்பில் ஒதுங்கி இருப்பவர்கள் இன்னொருமுறை திறந்து பார்க்க இது போதுமான காரணம். ஆனாலும் நான் பழைய பழக்கத்தை விடவில்லை: ஸ்கெட்சுகளை முகங்களின் மேல் ஒட்டாமல் அடிப்படைத் தளங்களிலோ, நானே வைத்த துணைத் தளங்களிலோ ஒட்டுகிறேன். விளிம்புகளை வளைக்கும் ஃபில்லெட் வேலையைக் கடைசிக்குத் தள்ளுகிறேன். இந்த இரண்டு பழக்கம் இருந்தால், ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய படிகள் சரிவது அபூர்வம்.

அடுத்த குழப்பம், திறந்ததும் கண்ணில் படும் வொர்க்பெஞ்சுகளின் (வேலைக்கேற்ற கருவித் தொகுப்புகளின்) எண்ணிக்கை. பார்ட் என்று ஒன்று, பார்ட் டிசைன் என்று இன்னொன்று. முதலாவது கட்டை, உருளை போன்ற ஆயத்த வடிவங்களைக் கூட்டியும் கழித்தும் வேலை செய்வது. இரண்டாவது ஸ்கெட்ச் போட்டு, உயர்த்தி, குடைந்து, படிப்படியாக ஒரே உடலை வளர்ப்பது. புதிதாக வருபவர் பார்ட் டிசைன், ஸ்கெட்ச்சர், ஸ்ப்ரெட்ஷீட் ஆகிய மூன்றை மட்டும் தொட்டால் போதும். மற்றவை இல்லாததுபோல ஒரு மாதம் இருங்கள்.

அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் நமது சோதனையின் விடை இருக்கிறது. ஒரு கட்டத்தில் 80 என்று எழுதி அதற்கு "நீளம்" என்ற பொருளில் ஒரு பெயர் வைக்கலாம். இன்னொன்றில் 2, "சுவர்". ஸ்கெட்சில் அளவு கேட்கும் இடத்தில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால், பிறகு கட்டத்தில் 95 என்றும் 2.4 என்றும் மாற்றினால் பெட்டி, தூண், மூடி எல்லாம் தாமாக நகர்ந்துகொள்ளும். பத்து நொடிக் கணக்கு இதற்குத்தான்.

கோடுகள் இப்படி அளவுக்கும் நிபந்தனைக்கும் கட்டுப்பட்டு நகர்வது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் கோடு போட்டு "இவை இரண்டும் இணையாக இருக்கட்டும்" என்று சொன்னால் கேட்டுக்கொண்டது. அன்று ஓர் அறையை நிறைத்த கணினியில் நடந்தது இன்று நம் மேசையில் காசில்லாமல் நடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்ப்பாக இருக்கிறது. ஃப்ரீகேட்டில் ஒரு ஸ்கெட்ச் முழுவதும் கட்டுப்பட்டுவிட்டால் கோடுகள் பச்சையாக மாறும். பச்சை வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இதன் வடிவக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அடித்தளம் ஓப்பன்கேஸ்கேட். அதன் பலவீனம் ஃபில்லெட்டில் தெரியும்: ஆரம் ஒரு விளிம்பை முழுதாக விழுங்கும் அளவுக்குப் போனால் பெரும்பாலும் தோற்றுவிடும். 3 மில்லிமீட்டருக்குப் பதில் 2.99 கொடுத்தால் சில நேரம் நடக்கும். தொழில்முறை மென்பொருள் இந்த இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும் என்பதை மறைப்பதற்கில்லை.

ஐந்தாண்டுச் சோதனையில் இதற்கு இணை இல்லை. இதன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. பின்னொட்டை மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் உரையும் வடிவத் தரவும் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணைய இணைப்போ கணக்கோ கேட்காது.

ஃபியூஷனும் ஆன்ஷேப்பும்

கற்றுக்கொள்ளும் சுகத்தில் இவை இரண்டும் முன்னே நிற்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நமது பெட்டியை இரண்டிலும் வரைந்தால், கட்டையை உயர்த்தி, ஷெல் என்ற ஒரே கட்டளையில் உள்ளே குடைந்து, சுவர்த் தடிமனைப் பெயரிட்ட அளவுருவாகக் கொடுத்துவிடலாம். எண்ணை மாற்றினால் நொடியில் மாறும். பிழை வந்தாலும் எந்தப் படியில் வந்தது என்பதைத் தெளிவாகக் காட்டும். ஒரே வார இறுதியில் முதல் பொருளை முடிக்க வேண்டும் என்றால் இவற்றில் ஒன்றைத்தான் சொல்வேன்.

வேறுபாடு நிபந்தனையில். ஃபியூஷனின் இலவசப் பதிப்பில் திருத்தக்கூடிய நிலையில் பத்து ஆவணங்கள் மட்டுமே இருக்கலாம். மற்றவற்றைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றிவைத்து, தேவைப்படும்போது ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க வேண்டும். அழிந்துபோகாது, ஆனால் பல திட்டங்களை ஒரே நேரத்தில் செய்பவருக்கு இந்த மாற்றி மாற்றி வைப்பது சலிப்பூட்டும். லினக்ஸுக்குப் பதிப்பு இல்லை.

கணினி சொல்லும் பாதையில் வெட்டும் சிஎன்சி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஃபியூஷனின் ஈர்ப்பு வேறு. வரைந்த இடத்திலேயே வெட்டும் பாதையையும் உருவாக்கிக்கொள்ளலாம். அந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. 2020 மாற்றத்துக்குப் பின் இலவசப் பதிப்பில், கருவி காற்றில் நகரும்போதுகூட வேகமாக ஓடாமல் வெட்டும் வேகத்திலேயே நகரும்; கருவியைத் தானாக மாற்றும் வசதியும் இல்லை. சின்ன மரப்பலகை வேலைக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. நூற்றுக்கணக்கான துளைகள் உள்ள வேலையில், ஒவ்வொரு துளைக்கும் மேலே எழும்பி நகர்வதிலேயே நேரம் போய்விடும். வெட்டும் பாதை போடும் ஃப்ரீகேட்டின் சிஏஎம் பகுதியில் இந்தத் தடைகள் இல்லை, பழகத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்.

ஆன்ஷேப்பை, சாலிட்வொர்க்ஸ் என்ற தொழில்முறை கேட் மென்பொருளைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக்கும் அவரோடு இருந்தவர்களும் 2012இல் தொடங்கினார்கள். 2019இல் பிடிசி நிறுவனம் வாங்கியது. முழுக்க முழுக்க உலாவியில் ஓடுவதால் லினக்ஸ், குரோம்புக், டேப்லெட் என்று எதிலும் வேலை செய்யலாம். சேமிக்கும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு அசைவும் பதிவாகிக்கொண்டே இருக்கும், எந்த நிலைக்கும் திரும்பலாம். இரண்டு பேர் ஒரே வரைபடத்தில் ஒரே நேரத்தில் கைவைக்கலாம். வலுவான கணினி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பாராமெட்ரிக் (எண்ணை மாற்றினால் வடிவமும் மாறும்) கருவி எனக்குத் தெரியவில்லை.

விலை வேறு நாணயத்தில் கொடுக்கிறீர்கள்: இலவசத் திட்டத்தில் வரைவதெல்லாம் பொதுவெளியில் இருக்கும். யாரும் தேடலாம், பார்க்கலாம், நகலெடுக்கலாம். பூந்தொட்டித் தாங்கிக்கும் கேமரா கொக்கிக்கும் அதனால் என்ன நட்டம்? ஒன்றுமில்லை; இன்னொருவருக்குப் பயன்பட்டால் மகிழ்ச்சிதான். உங்கள் வீட்டின் உள்ளமைப்பு, இன்னும் வெளியிட விரும்பாத ஒரு புதுக் கருவி, வேறொருவருடைய பொருளுக்கான பாகம் என்று வந்தால் யோசிக்க வேண்டும். ஸ்டெப் ஏற்றுமதி உண்டு. இணையம் அறுந்தால் வேலையும் அறுந்தது.

இரண்டில் ஒன்று என்றால், சிஎன்சி உள்ளவர் ஃபியூஷன், மற்றவர் ஆன்ஷேப். எதை எடுத்தாலும் ஒரு வேலை முடிந்த அன்றே ஸ்டெப் கோப்பை உங்கள் கணினியில் இறக்கிவிடுங்கள். ஃபியூஷனில் எஃப்3டி பொதியாகவும் இறக்கிவைக்கலாம். படிகளின் வரலாறு அதில் தங்கும்.

டிங்கர்கேட்

பின்லாந்தில் பிறந்து 2013இல் ஆட்டோடெஸ்க் கைக்கு வந்தது. கட்டையை இழுத்துவைத்து, இன்னொரு கட்டையைத் துளை என்று அறிவித்து, இரண்டையும் சேர்த்தால் குடைந்த பெட்டி. பத்து வயதுக் குழந்தை ஒரு மணி நேரத்தில் சாவிக்கொத்துப் பட்டை செய்துவிடும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை, அதனால் குழந்தைகளோடு தொடங்குபவர்கள் வேறெங்கும் போக வேண்டாம்.

நமது சோதனையில் மட்டும் இது தோற்கிறது. சேர்த்துவைத்த பெட்டியின் ஓரத்தைப் பிடித்து 80இலிருந்து 95க்கு இழுத்தால் எல்லாமே நீளும்: குறுக்குச் சுவர் தடிக்கும், வட்டத் துளை முட்டை வடிவாகும். ஒழுங்காகச் செய்ய, சேர்த்ததைப் பிரித்து ஒவ்வொரு கட்டையையும் தனியே மாற்றி, மறுபடி வரிசைப்படுத்திச் சேர்க்க வேண்டும். மூன்றாவது திருத்தத்தில் சலித்துவிடும். அந்தச் சலிப்பு வரும் நாள்தான் இதிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டிய நாள்.

எழுதிச் செய்வது

ஓப்பன்ஸ்கேட்டில் சுட்டியால் வரைவது என்பதே இல்லை. நிரல்போல எழுதுகிறீர்கள்: இந்த அளவில் ஒரு கனசெவ்வகம், அதிலிருந்து இந்த அளவைக் கழி, இங்கே ஓர் உருளையைச் சேர். முதல் வரிகளில் நீளம், சுவர், திருகின் விட்டம் என்று மாறிகளை வைத்துவிட்டால் எண்ணை மாற்றுவது ஒரு வரித் திருத்தம். நிரல் எழுதிப் பழகியவருக்கு இது தாய்வீடு. கோப்பு வெறும் உரை. ஐந்தாண்டு என்ன, ஐம்பதாண்டு கழித்தும் படிக்கலாம், கிட் (Git) என்ற பதிப்புப் பதிவுக் கருவியில் போட்டு மாற்றங்களைத் தொடரலாம்.

இரண்டு குறைகள். விளிம்பை வளைப்பது சிரமம். அதற்கென்று நேரடிக் கட்டளை இல்லாமல் மின்காவ்ஸ்கி என்ற சுற்றுவழியை நாட வேண்டும். 2021.01 என்ற நிலையான பதிப்பில் அது மணிக்கணக்கில் காக்கவைக்கும். வளர்ச்சிநிலைப் பதிப்புகளில் மேனிஃபோல்ட் என்ற புதிய கணக்குமுறை வந்தபின் அதே கோப்பு நொடிகளில் முடிவதைப் பார்க்கலாம், எனவே பழைய பதிப்பை வைத்து இதை எடைபோடாதீர்கள். இரண்டாவது குறை, இது தருவது எஸ்டிஎல் போன்ற முக்கோண வலை (மெஷ்) மட்டுமே; ஸ்டெப் கிடையாது. எழுதிச் செய்யவும் வேண்டும், ஸ்டெப்பும் வேண்டும் என்றால் பைதான் வழியாகக் கேட்குவெரி அல்லது பில்ட்123டி பக்கம் போங்கள். அவை ஃப்ரீகேட்டின் அதே ஓப்பன்கேஸ்கேட்டின் மேல் நிற்பவை, ஃபில்லெட்டும் உண்டு.

மரவேலை, சிற்பம், தட்டைப் பலகை

மேசை, அலமாரி வரைபவர்களுக்கு ஸ்கெட்ச்அப் இன்னும் அலாதியானது. முகத்தைப் பிடித்து இழுத்தால் பலகை. ஒவ்வொரு பலகையையும் தனி காம்பொனென்டாக வைத்துக்கொண்டால், ஒரு காலைத் திருத்தினால் நான்கு கால்களும் திருந்தும். அதே கருவியில் 3டி அச்சுக்கான நுண்ணிய பாகத்தை வரைவது வேண்டாம். வட்டம் என்று தெரிவது உண்மையில் 24 பக்கப் பலகோணம். மிகச் சிறிய முகங்களை உருவாக்க அது தடுமாறும். அதனால்தான் அனுபவசாலிகள் ஆயிரம் மடங்கு பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிறார்கள்.

பிளெண்டரைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேள்வி வருகிறது. பொம்மை, முகமூடி, சிற்ப வேலைப்பாடு என்றால் தயங்காமல் அதுதான். துளைக்கும் அதில் நுழையும் தண்டுக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டிய பாகம் என்றால் வேண்டாம். அது மெஷ் உலகம். கேட் ஸ்கெட்ச்சர் என்ற இணைப்பைச் சேர்த்து நிபந்தனைகளோடு கோடு போடலாம் என்றாலும், அங்கிருந்து வெளியே வருவதும் மெஷ்தான். வளைந்து நெளியும் உறைகளை உண்மையான பரப்புகளாகச் செய்ய விரும்பினால் பிளாஸ்டிசிட்டியைப் பாருங்கள். இலவசம் இல்லை, ஆனால் ஒருமுறை வாங்கினால் உங்களுடையது, சந்தா கிடையாது. படிகளின் வரலாறு வைத்துக்கொள்ளாது என்பதால் நமது எண் மாற்றும் சோதனைக்கு அது வராது. கையால் வடிவம் தேடுபவர்களுக்கான கருவி அது.

லேசர் வெட்டுக்குத் தட்டையான வரைபடம் மட்டும் போதும் என்பவர்கள் பொதுவாக லிப்ரேகேட்டுக்கும் அது கிளைத்த மூலமான கியூகேட்டுக்கும் போகிறார்கள். இரண்டும் தட்டை வரைபடங்களுக்கான டிஎக்ஸ்எஃப் கோப்போடு நன்றாகப் பழகும். கியூகேட்டின் கட்டணப் பதிப்பில் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பு வசதியும் வரும். வந்த கோப்பைத் திறந்து சின்னத் திருத்தம் செய்ய இவை போதும். ஆனால் பலகைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் பெட்டியை வெட்டுகிறீர்கள் என்றால், இவற்றில் கோடுகளுக்கு நிபந்தனை கிடையாது என்பது உறுத்தும். 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை என்று வாங்கியது அளந்தால் 2.8 இருக்கும், லேசர் எரித்துத் தின்னும் அகலம் வேறு. அத்தனை பற்களையும் கையால் திருத்துவதைவிட, ஃப்ரீகேட் ஸ்கெட்சிலோ சால்வ்ஸ்பேஸிலோ நிபந்தனைகளோடு வரைந்து டிஎக்ஸ்எஃப் ஆக எடுப்பதே சுகம்.

சால்வ்ஸ்பேஸ் இன்னொரு காரணத்துக்காகவும் என் மனதுக்கு நெருக்கமானது. நிறுவ வேண்டியதில்லை, சில மெகாபைட் அளவில் ஒரே கோப்பு. பழைய மடிக்கணினியிலும் உடனே திறக்கும். நிபந்தனை என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை. ஃபில்லெட் கட்டளை இல்லாததால் பெரிய வேலைக்கு நான் அதை நம்புவதில்லை.

தொழில்முறைக் கருவியே வேண்டுமென்றால்

வேலை தேடும் எண்ணமும் உள்ள மாணவருக்கு, அல்லது அலுவலகத்தில் பழகிய கை வீட்டிலும் அதையே தேடுபவருக்கு, இரண்டு வழிகள். சீமென்ஸ் தரும் சாலிட் எட்ஜ் சமூகப் பதிப்பு இலவசம், விண்டோஸில் மட்டும், வணிகத்துக்கு அல்ல. அதில் ஒரு முகத்தைப் பிடித்து நேரடியாக 15 மில்லிமீட்டர் நகர்த்தினால் தொடர்புள்ளவை கூடவே நகரும். பிறர் தந்த ஸ்டெப் கோப்பைத் திருத்த அருமை. மற்றொன்று சாலிட்வொர்க்ஸின் மேக்கர் பதிப்பு: ஆண்டுச் சந்தா, தொழில்முறை உரிமத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை, ஆண்டு வருமானம் 2000 டாலரைத் தாண்டக் கூடாது. இரண்டிலும் உருவாகும் கோப்புகள் அவற்றின் வணிகப் பதிப்பில் திறக்காது. வீட்டில் வரைந்து அலுவலகத்தில் தொடரலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

சந்தாவே வேண்டாம், ஒருமுறை காசு கொடுத்து நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றால் ஆலிப்ரே ஆட்டம்3டி இருக்கிறது. சாலிட்வொர்க்ஸ் பாணியில் சுருக்கமான கருவிகள்; விண்டோஸ்.

எப்படி முடிவெடுப்பது

ஐந்தை நிறுவிப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் சுட்டி அசைவும் வேறு, கை குழம்பும். உங்கள் வேலைக்குப் பக்கத்தில் வரும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு வார இறுதி கொடுங்கள். எந்திர பாகங்கள், பெட்டிகள், தாங்கிகள் என்றால் ஃப்ரீகேட்டும் ஆன்ஷேப்பும். சிஎன்சி என்றால் ஃப்ரீகேட்டும் ஃபியூஷனும். நிரல் எழுதுபவர் என்றால் ஓப்பன்ஸ்கேட்டும் பில்ட்123டியும். இரண்டிலும் அந்த 80 மில்லிமீட்டர்ப் பெட்டியையே வரையுங்கள், மூடியோடு. பிறகு 95 ஆக்குங்கள், சுவரை 2.4 ஆக்குங்கள், ஒரு பக்கத்தில் கேபிளுக்கு ஒரு துளையைச் சேருங்கள். எங்கே கை தடுமாறியது, எங்கே மென்பொருள் உடைந்தது என்று ஒரு தாளில் குறித்துவைத்தால் விடை தெரிந்துவிடும். பிறகு ஸ்டெப் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, துளையின் விட்டத்தை அளந்து பாருங்கள்.

கற்றல் வளைவு பற்றி ஒரு சொல். ஃப்ரீகேட்டில் முதல் வாரம் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஸ்கெட்ச், நிபந்தனை, உயர்த்துதல், குடைதல் என்ற முறை கைவந்துவிட்டால் அது ஆன்ஷேப், ஃபியூஷன், சாலிட் எட்ஜ் எல்லாவற்றுக்கும் பொது. ஒன்றில் கற்றது இன்னொன்றில் வீணாகாது. அதனால் ஆன்ஷேப்பில் சுலபமாகக் கற்றுக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஃப்ரீகேட்டுக்கு வருவதும் நல்ல வழியே. எனக்குத் தெரிந்த பலர் அப்படித்தான் வந்தார்கள்.

பெட்டியை வரையும்போது மூடிக்கும் சுவருக்கும் இடையே விடும் இடைவெளிக்கும் மறக்காமல் ஒரு பெயர் வையுங்கள். 0.2 மில்லிமீட்டரில் தொடங்கலாம். அதிகம் மாறப்போகும் எண் நீளமோ சுவரோ அல்ல, அதுதான்: பிரிண்டர் மாறினால் மாறும், பிளாஸ்டிக் மாறினால் மாறும். முதல் மூடி இறுகினால் 0.3 போட்டு மூடியை மட்டும் மறுபடி அச்சிடுங்கள்.